போஷ் சட்டம்: கம்பெனி வக்கீல் எது வரை போகலாம்?

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தை எல்லோரும் சுருக்கமாக போஷ் என்கிறார்கள். இதை மீறும் நிறுவனத்துக்கு முதல் முறை அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். "இவ்வளவுதானே" என்று நினைக்கும் நிர்வாகிகள் உண்டு. உண்மையான கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீல். ஆனால் ஒரு புகார் வந்தால் தான் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பது அவருக்கே பல நேரம் தெளிவாக இருப்பதில்லை. எச்ஆர் ஃபைலை அவர் மேசைக்குத் தள்ளிவிடும். எம்டி "பார்த்து முடிச்சிடுங்க" என்பார். சட்டம் அப்படி முடிக்க விடுவதில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1992இல் ராஜஸ்தானில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவற்றைச் சட்டமாக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2013 டிசம்பர் 9 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

பாதுகாப்பு யாருக்கு என்றால், நிரந்தர ஊழியருக்கு மட்டும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், தினக்கூலி, ஏஜென்சி அனுப்பிய ஹவுஸ்கீப்பிங் பெண், வேலைக்கே சேராமல் அலுவலகத்துக்கு வந்துபோன பெண் வரை புகார் தரலாம். கம்பெனி வண்டி, வேலை விஷயமாகப் போன ஊர், கிளையன்ட் இடம் எல்லாமே பணியிடம்தான்.

சரி, குழுவுக்கு வருவோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் உள்ளகக் குழு ஒன்றை எழுத்து மூலம் அமைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் ஐசிசி (இன்டர்னல் கம்ப்ளெயின்ட்ஸ் கமிட்டி) என்பார்கள், இப்போது பெயர் ஐசி (இன்டர்னல் கமிட்டி). அலுவலகங்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு வேண்டும். சென்னைத் தலைமையகத்தில் ஒரு குழு போட்டுவிட்டு ஓசூர் ஆலைக்கும் கோயம்புத்தூர் கிளைக்கும் அதே பெயர்ப் பட்டியலை ஒட்டிவைப்பது செல்லாது. தலைவர் உயர் பொறுப்பில் இருக்கும் பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர்களில் இருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், பெண்கள் நலனில் ஈடுபாடு உள்ள தொண்டு நிறுவனத்தில் இருந்தோ இந்தப் பிரச்சினைகள் தெரிந்தவராகவோ ஒரு வெளி உறுப்பினர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. லீகல், அதாவது கம்பெனியின் சட்டப் பிரிவு, தன் காலண்டரில் குறித்துவைக்க வேண்டிய முதல் தேதி இதுதான். பதவிக்காலம் முடிந்த குழு விசாரணையைத் தொடங்கினால், அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பக்கத்திலேயே அதைப் பிடித்துக்கொள்வார்.

வெளி உறுப்பினர் விஷயத்தில்தான் கம்பெனி வக்கீல்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். தெரிந்த ஆள் வேண்டும் என்று, ஏற்கெனவே கம்பெனிக்கு வழக்கு நடத்தும் வெளி வக்கீலையே உட்கார வைத்துவிடுவார்கள். பஞ்சாப் அண்ட் சிந்து வங்கி தொடர்பான வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. புகார் தந்த பெண் அதிகாரி இந்தூரில் இருந்து வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தார். குழுவின் வெளி உறுப்பினரோ அந்த வங்கியின் பட்டியலில் இருந்த வக்கீல். நிறுவனம் தன் பக்கம் சாய்வதைத் தடுக்கத்தான் வெளியாள் ஒருவரைச் சட்டம் கேட்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. இடமாற்றமும் ரத்தானது. விதிகளின்படி வெளி உறுப்பினருக்கு ஒரு நாள் படி 200 ரூபாய், கூடவே பயணச் செலவு. அந்தத் தொகைக்கு இன்று யாரும் வரமாட்டார்கள், நிறுவனங்கள் அதிகமாகவே தருகின்றன. தருவதில் தப்பில்லை. அதே ஆளுக்குக் கம்பெனியில் இருந்து வேறு ஏதாவது வேலைக்கும் பில் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனி வக்கீலே குழுவில் உறுப்பினராகலாமா? சட்டம் தடுக்கவில்லை. ஊழியர்களில் இருந்து எடுக்கும் உறுப்பினருக்குச் சட்ட அறிவு இருப்பது ஒரு தகுதியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். குழுவில் உட்கார்ந்து சாட்சி கேட்டவர், நாளைக்கு அந்த அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு வரும்போது நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு வேலையும் கெட்டுப்போகும்.

புகார் வந்த பிறகு

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து கணக்கு. காரணத்தை எழுதிவைத்துக் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை. புகாரின் நகல் ஏழு வேலை நாளுக்குள் எதிர்மனுதாரருக்கு, அதாவது யார்மீது புகாரோ அவருக்கு, போக வேண்டும், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணைக்கு 90 நாள். அது முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். நிர்வாகம் 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

90 நாள் என்றதும் பயந்துபோய் அவசரப்படுவது இன்னொரு பள்ளம். கோவா பல்கலைக்கழகத் துறைத் தலைவர் ஒருவர்மீது வந்த புகாரில் அடுத்தடுத்து அமர்வுகள் வைத்து விசாரணையை விரட்டி முடித்தார்கள். தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய அவகாசம் தரவில்லை என்று சொல்லி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி குழுவிடமே அனுப்பியது. சம்பவம் நடந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த அவசரத்தால் புகார் தந்தவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம்.

இந்த 90 நாளில் லீகல் என்ன செய்யலாம்? விதிகளின்படி எந்தத் தரப்பும் குழுவின் முன் வக்கீலை வைத்து வாதாட முடியாது, எந்தக் கட்டத்திலும். கம்பெனி இங்கே ஒரு தரப்பே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே விசாரணை அறையில் லீகலுக்கு நாற்காலி கிடையாது. நடைமுறை பற்றிக் குழு ஏதாவது சந்தேகம் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லலாம். சிசிடிவி பதிவு, மெயில், வருகைப் பதிவேடு கேட்டால் எடுத்துத் தர வேண்டும். சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் குழுவுக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அறிக்கையின் வரைவைத் திருத்தித் தருவது, "இந்த முடிவு கம்பெனிக்கு நல்லதில்லை" என்று தலைவருக்கு போன் போடுவது, இவை இரண்டையும் செய்யவே கூடாது. வரைவில் உங்கள் கைபட்ட திருத்தம் வேர்டு ஃபைலில் அப்படியே இருக்கும்.

இடைக்கால ஏற்பாடுகளில் லீகல் தள்ளி நிற்கத் தேவையில்லை. புகார்தாரர் எழுத்தில் கேட்டு, குழு பரிந்துரைத்தால், அவரையோ எதிர்மனுதாரரையோ வேறு இடத்துக்கு மாற்றலாம். புகார்தாரருக்கு வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். எதிர்மனுதாரர் அவருடைய மேலாளராக இருந்தால் அப்ரைசல் எழுதும் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கலாம். குழு சொன்னதை நிர்வாகம் நடைமுறைப்படுத்திக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பது வக்கீலின் வேலைதான்.

சமரசமும் உண்டு, ஆனால் புகார்தாரர் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து சமரசம் செய்யக் கூடாது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. செட்டில்மென்ட் ஒப்பந்தங்கள் போட்டுப் பழகிய கை, நல்ல தொகை ஒன்றைப் போட்டு ராஜினாமா வாங்கி வாயை மூடும் ஷரத்து சேர்க்கத் துடிக்கும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம், நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது. கெட்ட எண்ணத்தோடு தந்த பொய்ப் புகார் என்று தனியாக விசாரித்து முடிவு செய்தால்தான் புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்க முடியும். "பொய்யாகப் போனால் உன் வேலை போகும்" என்று முன்கூட்டியே நோட்டீஸ் அடிக்கும் நிறுவனம் தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயார் செய்கிறது.

உங்கள் மெயிலுக்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது

பலர் இதை இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு ரகசியம், நீதிமன்றம்கூட அதைக் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆவது பிரிவில் இருக்கிறது. கம்பெனியில் முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் வக்கீலுக்கு அது கிடையாது என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்களுக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியதை ஒட்டித் தானாக எடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு. பார் கவுன்சிலின் 49ஆவது விதிப்படி முழுநேர ஊழியர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. அதனால் அவர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்பது காரணம். கம்பெனியின் வெளிச் சட்ட ஆலோசகரோடு அவர் பேசியதற்கு 134ஆவது பிரிவில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் அவருக்கும் முதலாளிக்கும் இடையே போன கடிதத்துக்கு அதுவும் இல்லை.

போஷ் புகாரில் இதன் விளைவு நேரடியானது. எம்டிக்கு நீங்கள் எழுதிய "அந்தப் பெண்ணின் வேலைத்திறன் பற்றிய பழைய குறைகளைத் தேடுகிறேன்" என்ற மெயில் நாளைக்கு நீதிமன்றத்தில் ஆவணமாக வரலாம். மேலே பெரிய எழுத்தில் "ரகசியம்" என்று போட்டாலும் வரலாம். நிறுவனத்தின் நிலைப்பாடு பற்றிய ஆலோசனை தேவைப்பட்டால் வெளி வக்கீலிடம் கேட்பதுதான் பாதுகாப்பு. உங்கள் குறிப்பில் தேதி, யார் என்ன கேட்டார், என்ன கொடுக்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். புகார்தாரர், எதிர்மனுதாரர், சாட்சிகள் யார், விசாரணையில் என்ன நடந்தது என்பதை வெளியே சொல்வதும் குற்றம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்டு வாங்க முடியாது. பொறுப்பில் இருப்பவர் வெளியே விட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

புகாரே எம்டிமீது என்றால்? முதலாளிமீதான புகார் கம்பெனிக் குழுவுக்குப் போகாது. மாவட்ட அதிகாரி அமைக்கும் உள்ளூர் குழுவுக்குப் போகும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களின் புகாரும் அங்கேதான். உங்களுக்குச் சம்பளம் தருபவர், உங்களையே தன் வக்கீலாக நிற்கச் சொல்லும் கட்டம் இது. உங்கள் கட்சிக்காரர் கம்பெனி. எம்டிக்கு வேண்டுமென்றால் தன் செலவில் தனி வக்கீல் வைத்துக்கொள்ளட்டும். இதை இயக்குநர் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

இப்போது அந்த 50,000 ரூபாய்க்குத் திரும்பலாம். இரண்டாவது முறை தண்டனை இரட்டிப்பு, உரிமமும் பதிவும் ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து கம்பெனிச் சட்டத்தின் பக்கம் இருக்கிறது. உள்ளகக் குழு அமைத்திருக்கிறோம் என்று இயக்குநர் குழு அறிக்கையில் எழுத வேண்டும் என்பது 2018இல் வந்த விதி. 2025 ஜூலை 14 முதல் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் எத்தனை நிலுவை என்ற எண்ணிக்கையும் சேர்ந்துவிட்டது. தெரிந்தே பொய்யாக எழுதினால் கம்பெனிச் சட்டத்தின் 448ஆவது பிரிவு வழியாக 447ஆவது பிரிவின் மோசடித் தண்டனை வரை போகும். அதில் சிறை உண்டு. காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை குழு மாவட்ட அதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையிலும் எண்கள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று யாராவது ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட இயக்குநர்கள்.

நஷ்ட ஈடு தனிக் கதை. பாலியல் தொல்லைப் புகாரோடு வேலையை விட்டு விலகிய ஒரு துணைத் தலைவருக்கு நடுவர் மன்றம் 2 கோடி ரூபாய் தரச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2014இல் அதற்கு மேல் 1.6 கோடி சேர்த்தார். 2019இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதல் தொகையை 50,000 ஆகக் குறைத்தது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்தலாமா என்ற கேள்வியாக மாறி, 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை அது போனது. அவர் விலகியது 2006இல். அத்தனை ஆண்டு வக்கீல் கட்டணத்தையும் கம்பெனியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லீகலில் வேலை பார்க்கும் பெண்ணே புகார்தாரராக வரும் நாளும் உண்டு. அவருக்கும் அதே மூன்று மாதம், அதே குழு, அதே விடுப்பு உரிமை. எதிர்மனுதாரர் சட்டப் பிரிவின் தலைவரான ஜெனரல் கவுன்சலாக இருந்தால், குழுவுக்கு நடைமுறை சந்தேகம் தீர்க்கும் வேலையை லீகலிடம் இருந்து எடுத்து வெளி வக்கீல் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். புகார் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் அனுமதியையும் அன்றைக்கே மாற்ற வேண்டும். காவல் துறைக்குப் போக அவர் விரும்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவில் புகார் தரலாம், அதற்கு உதவ வேண்டியது நிறுவனத்தின் கடமை. கம்பெனிக் குழுவின் விசாரணை முடியட்டும் என்று அவரைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.