பள்ளி எதிரிலேயே இருந்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம்: தொடக்கநிலை 1 பதிவில் தூரக் கணக்கு

சிங்கப்பூரில் "இந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி" என்று எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இது தெரியாமல் வீடு வாங்கியவர்களும் வாடகைக்குக் குடிபோனவர்களும் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்புப் பதிவுக் காலத்தில் திண்டாடுகிறார்கள். வீட்டு விளம்பரத்தில் "பிரபலப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள்" என்று போட்டிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு வரிசையில் முன்னால் நிற்கும் உரிமைதான் உண்டு. இடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் கட்டம் 1. பெற்றோர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர் என்றால் 2ஏ. பள்ளியில் தொண்டூழியம் செய்தவர்கள், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம் அல்லது குலமரபுச் சங்க உறுப்பினர்கள், அடித்தளத் தலைவர்கள் ஆகியோருக்கு 2பி. இதில் எதிலும் சேராதவர்களுக்கு 2சி. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்ற நம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த 2சியில்தான் வந்து நிற்கும். 2022 முதல் ஒவ்வொரு பள்ளியும் 2பிக்கு 20 இடங்களையும் 2சிக்கு 40 இடங்களையும் ஒதுக்கி வைக்கிறது. ஒரு கட்டத்தில் இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால்தான் தூரம் கணக்கில் வரும்.

அப்படி வரும்போது மூன்று வட்டங்கள்: ஒரு கிலோமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை, இரண்டுக்கு மேல். பலர் சறுக்கும் இடம் இதுதான். முதலில் சிங்கப்பூர்க் குடிமக்களை இந்த மூன்று வட்டத்திலும் வரிசையாக எடுத்து முடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தரவாசிகள். ஆக, பள்ளி வாசலுக்கு எதிர் புளோக்கில் இருக்கும் நிரந்தரவாசிப் பிள்ளை, தீவின் மறுகோடியில் இருக்கும் குடிமகப் பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சில பள்ளிகளில் நிரந்தரவாசிப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் இருக்கிறது. பார்க்கப்படுவது பிள்ளையின் குடியுரிமை, பெற்றோருடையது அல்ல. அம்மா சிங்கப்பூரர், பிள்ளைக்கு இன்னும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றால், பதிவு நாளில் பிள்ளையின் குடியுரிமை நிலை எதுவோ அதுதான் கணக்கு. பிள்ளை வெளிநாட்டு மாணவராக இருந்தால் கடைசிக் கட்டமான 3தான். அதற்கும் முன்கூட்டியே இணையத்தில் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

தூரத்தை நடந்து அளக்கக் கூடாது. நேர்க்கோட்டில் அளப்பார்கள். நடுவில் தீவு விரைவுச்சாலை குறுக்கே போனாலும் கவலையில்லை. 2022 பதிவிலிருந்து பள்ளி நிலத்தின் எல்லைவரை அளக்கிறார்கள். அதற்கு முன் தயாரித்த பட்டியலை இன்னும் சில ஏஜெண்டுகள் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அரசாங்கத்தின் வரைபடத் தளமான ஒன்மேப்பில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு நீங்களே பாருங்கள். பக்கத்து புளோக் உள்ளே இருக்கும், உங்கள் புளோக் வெளியே போயிருக்கும், அப்படியெல்லாம் நடக்கிறது. பள்ளி அதே இடத்தில் இருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க்கர் ரோட்டில் இருக்கும் ஆங்கிலோ சீனத் தொடக்கப்பள்ளி 2030-ல் தெங்காவுக்குப் போகிறது. அதை நம்பி நியூட்டன் பக்கம் வீடு பார்ப்பவரிடம் எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

அடுத்தது 30 மாத விதி. அதிகமான குடும்பங்களைக் கவிழ்ப்பது இதுதான். தூர முன்னுரிமையில் இடம் வாங்கினால், பதிவு செய்த முகவரியிலேயே பிள்ளை 30 மாதம் குடியிருக்க வேண்டும். கணக்கு பள்ளி திறக்கும் ஜனவரியிலிருந்து தொடங்குவதில்லை, பதிவு தொடங்கும் நாளிலிருந்து தொடங்குகிறது. அதாவது பிள்ளை தொடக்கநிலை 2 முடிக்கும்வரை அசையக் கூடாது. வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. அப்புறம் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறேன் என்பார். தவறு உங்களுடையது இல்லை, ஆனால் பள்ளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். விதியை மீறினால் இடமுள்ள வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்ற கல்வி அமைச்சுக்கு அதிகாரம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனது. அமைச்சைக் கேளுங்கள் என்றார்கள். அமைச்சுக்கு அழைத்தால் பள்ளியைக் கேளுங்கள் என்றார்கள். ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பந்தாடப்படுவது கொடுமை. அதனால் எதையும் தொலைபேசியில் மட்டும் கேட்டுவிட்டு நம்பாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீட்டை வைத்துப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன்பே 30 மாதத்துக்கும் சேர்த்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

முகவரி என்றால் உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் முகவரி. குடிமாறினால் 28 நாளுக்குள் மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பலர் பதிவு வாரம் வந்த பிறகுதான் விழிக்கிறார்கள். இணையத்தில் மாற்றினால் உறுதிப்படுத்தும் ரகசிய எண் புது முகவரிக்குத் தபாலில் வரும். தபால்காரர் உங்கள் பதிவு தேதிக்காக ஓடிவர மாட்டார். மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். கட்டி முடியாத புது வீட்டின் முகவரியையும் பயன்படுத்த வழி இருக்கிறது. சாவி கிடைக்கும் தேதியைக் காட்டும் கடிதமும் வாங்கிய ஒப்பந்தமும் கையில் இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

"பாட்டி வீட்டில்தான் பிள்ளை வளர்கிறது, அந்த முகவரியைக் கொடுக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்து, பார்த்துக்கொள்பவர் தாத்தா பாட்டியோ பெற்றோரின் உடன்பிறப்போ என்றால் உறுதிமொழியோடு கேட்கலாம். கூலிக்குப் பிள்ளை பார்க்கும் பெண்ணின் முகவரி செல்லாது. பிள்ளை உண்மையிலேயே அங்கே பராமரிக்கப்பட வேண்டும். 30 மாதக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

பொய் முகவரி வேண்டவே வேண்டாம். "எல்லாரும் செய்வதுதானே" என்று ஆலோசனை சொல்பவர் உங்களோடு நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை. தான் குடியிருக்காத, வாடகைக்கு விட்டிருந்த சொந்த வீட்டின் முகவரியைக் கொடுத்து மகளைச் சேர்த்த ஒரு தாய்க்கு 2025-ல் சிறைத்தண்டனையே விதித்தார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி என்றால் அங்கே தாய்மொழிப் பாடம் சீனம். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்து என்ன பயன்? மற்றப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். "ஏற்பாடு செய்வோம்" என்று சொன்னால், எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் நான்கு வயதாகவில்லை என்றால் கல்வி அமைச்சின் பாலர்பள்ளியைப் பாருங்கள். அங்கே தமிழ் உண்டு. அது ஒரு தொடக்கப்பள்ளியின் பொறுப்பில், அதே வளாகத்தில் இருந்தால் அந்தப் பள்ளிக்கு 2ஏ தகுதி கிடைக்கும். தொண்டூழிய வழிக்குப் போவதானால், பதிவுக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1-க்குள் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30-க்குள் 40 மணி நேரம் முடித்திருக்க வேண்டும். எல்லாப் பள்ளியும் எல்லாரையும் எடுப்பதில்லை. எடுத்துக்கொண்ட பிறகும் 2பியில் குலுக்கல் வரலாம்; ஒரே வட்டத்தில் இருப்பவர்களுக்கே இடம் போதாவிட்டால் குலுக்கிப் போட்டு எடுப்பதுதான் அது.

2சியில் ஒரே ஒரு பள்ளியைத்தான் தேர்ந்தெடுக்கலாம். எனவே சென்ற ஆண்டு அந்தப் பள்ளியில் எந்த வட்டத்தில் குலுக்கல் நடந்தது என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிமக்களுக்கே குலுக்கல் என்றால், ஒன்றரை கிலோமீட்டரில் இருப்பவர் அங்கே போவது வீண். குலுக்கலில் வரவில்லையென்றால் 2சி துணைக் கட்டம். இடம் மிஞ்சியிருக்கும் பள்ளிகளிலிருந்துதான் அங்கே எடுக்க வேண்டும். பட்டியலில் வீட்டுக்கு அருகே எது, தமிழ் எங்கே இருக்கிறது என்று ஜூன் மாதத்திலேயே குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் உட்கார்ந்து யோசிக்க நேரம் தர மாட்டார்கள். அதையும் விட்டால், இடமிருக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் அமைச்சே சேர்த்துவிடும். அந்தப் பள்ளி எவ்வளவு தூரம் என்று அப்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை.