பொன் விகிதம், பின்னூட்டம்: இரண்டு சொற்களும் ஒரு கூற்றும்

பின்னூட்டம் உள்ள அமைப்புகளிலெல்லாம் பொன் விகிதம் தானாகவே தோன்றும் என்றொரு கூற்று உலவுகிறது. இதயத்துடிப்பு, பங்குச்சந்தை, மின்சுற்று என எல்லாவற்றிலும் அந்த விகிதத்தின் மதிப்பான 1.618 என்ற எண்ணைத் தேடிக் காட்டுவார்கள். இதில் உண்மை எவ்வளவு என்று பார்க்குமுன் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் பின்னூட்டம். உண் என்பது தன்வினை, ஊட்டு என்பது பிறவினை. காண் – காட்டு, பூண் – பூட்டு போல. ஃபீட்பேக் என்ற ஆங்கிலச் சொல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலிச் சுற்றுகளோடு மல்லுக்கட்டியவர்களிடம் புழங்கத் தொடங்கியது. வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து உள்ளீட்டுக்கே ஊட்டுவதுதான் அதன் பொருள். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கைப் பிடித்தால் வீலென்று அலறுமே, அது நேர்ப் பின்னூட்டம். வெளியீடு உள்ளீட்டைக் குறைக்கும்படி ஊட்டினால் எதிர்ப் பின்னூட்டம். பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றுப் படகில் இருந்தபடி, கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியை வரைந்துவிட்டார்.

தமிழில் பின் என்பதற்குப் பிறகு, பின்புறம் என இரு பொருளும் உண்டு. வலைப்பதிவர்கள் வாசகர் கருத்தைப் பின்னூட்டம் என்றபோது முதல் பொருள் மேலோங்கியது. பொறியாளருக்கு இரண்டாவதே முக்கியம். இலங்கையில் பின்னூட்டல் என்பார்கள். திரும்பி வருதலை மட்டுமே சுட்டும் மீளூட்டம் இன்னும் துல்லியமானது என்பது என் கருத்து. ஆனால் பின்னூட்டம் வேர்விட்டுவிட்டது, அதைப் பிடுங்கத் தேவையில்லை.

பொன் விகிதத்தின் கதை வேறு. ஒரு கோட்டை வெட்டும்போது முழுமைக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இருந்தால் அதுதான் இது. யூக்ளிட் இதை விளக்குகையில் பொன்னும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கடையும் இடையுமான விகிதம் என்கிற அளவில் நிறுத்திக்கொண்டார். இத்தாலியக் கணிதர் லூகா பச்சோலி 1509இல் அச்சிட்ட நூல் அதைத் தெய்விக விகிதம் ஆக்கியது. 1835இல் மார்ட்டின் ஓம் என்ற ஜெர்மானியக் கணிதர் பொன்வெட்டு என்ற பொருள்படும் சொல்லைத் தம் பாடநூலில் பதித்தார். மின்தடை விதி தந்த ஓம் இவருடைய அண்ணன். தமிழில் பொன் விகிதம், தங்க விகிதம் இரண்டும் வழங்குகின்றன. விகிதத்துக்குத் தகவு என்ற கலைச்சொல்லும் உண்டு. பொன்னோடு தாமரை சேர்ந்து பொற்றாமரை ஆனது போல இதைப் பொற்றகவு எனலாம். எனக்குப் பிடித்த வடிவம் இது.

இனி அந்தக் கூற்று. கையில் கால்குலேட்டர் இருந்தால் 1இல் தொடங்குங்கள். வந்த விடையால் ஒன்றை வகுத்து, அதோடு 1 கூட்டி, மறுபடி அதையே உள்ளே கொடுங்கள். 2, 1.5, 1.667, 1.6, 1.625 என்று ஆடி ஆடி 1.618இல் நிலைகொள்ளும். இது சந்தேகமில்லாமல் பின்னூட்டம்தான், பொன் விகிதமும் மெய்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 1க்குப் பதில் 2 கூட்டிப் பாருங்கள்: 2.414. பின்னூட்டம் அப்படியே இருக்கிறது, பொன்னைக் காணோம். தன் வர்க்கம் தன்னைவிட ஒன்று கூடுதலாக உள்ள எண் 1.618. அதாவது x² = x + 1 என்று, கெழுக்கள் (x², x ஆகியவற்றைப் பெருக்கும் எண்கள்) எல்லாம் 1 ஆக அமைந்த இந்த இருபடிச் சமன்பாடு எங்கே வந்தாலும் அது எட்டிப்பார்க்கும்.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் இன்னும் அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. மோட்டார் அச்சு நிற்க வேண்டிய கோணத்தைப் பிடித்து நிறுத்தும் எளிய சுற்று: உள்ளீட்டைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகும் ஒரு தொகையாக்கி, 1 நொடி காலமாறிலி (மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரத்தின் அளவு) உள்ள ஒரு தாமதம், பெருக்கம் (சமிக்ஞையை எத்தனை மடங்காக்குகிறது என்பது) 1. சுற்றை ஒருமுறை சுற்றிவரும் அலையின் வீச்சு மாறாமல் இருக்கும் கோண அதிர்வெண்ணின் வர்க்கம் சரியாகப் பொற்றகவின் தலைகீழ், 0.618. சுற்று கட்டுமீறி அலைவதற்கு முன் மிச்சமிருக்கும் கட்ட விளிம்போ (அலை இன்னும் எவ்வளவு கோணம் பின்தங்கலாம் என்ற இடைவெளி) 51.8 பாகை. கீசாவின் பெரிய பிரமிடின் சாய்வும் கிட்டத்தட்ட அதே 51.8 பாகை! இங்கேதான் பலர் மயங்கிவிடுகிறார்கள். பெருக்கத்தை 2 ஆக்கினால் அந்த வர்க்கம் 1.56, கட்ட விளிம்பு 38.7 பாகை. பிரமிடும் போயிற்று, பொன்னும் போயிற்று.

இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை மதிப்பைக் கணித்துக்கொண்டே போகும் கணக்குமுறையான கால்மன் வடிகட்டியிலும் இதே கதைதான். மெல்ல அலையும் ஓர் அளவை இரைச்சலுள்ள கருவியால் தொடர்ந்து அளக்கும்போது, அளவின் அலைச்சலும் கருவியின் இரைச்சலும் ஒரே மாறுபாடு (சிதறலின் அளவு) கொண்டிருந்தால், புதிய அளவீட்டுக்குத் தரவேண்டிய எடை கடைசியில் 0.618இல் நிலைக்கும். அலைச்சலின் மாறுபாடு இருமடங்கானால் அது 0.732.