பன்னெண்டு நாள் இட்ட முட்டை எப்படி ஒரே நாள்ல பொரிக்குது?

எங்க அம்மாச்சி ஊரு உசிலம்பட்டி பக்கம். ரெண்டு மாடு, ஏழெட்டு ஆடு, வாசல் முழுக்க கோழி. லீவுக்குப் போனா எனக்கு முழு நேர வேலையே கோழி பின்னாடி சுத்துறதுதான். அப்ப ஒரு நாள் அம்மாச்சிகிட்ட கேட்டேன், இந்தச் செவலக்கோழி தினம் ஒண்ணு ஒண்ணாத்தானே முட்டை விட்டுச்சு, மொத முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பன்னெண்டு பதிமூணு நாள் வித்தியாசம் இருக்குல்ல, பெறகு எப்படி எல்லாக் குஞ்சும் ஒரே நாள்ல வெளிய வருதுன்னு. “விட்ட நாள் கணக்கில்லடா, அடை வச்ச நாள்தான் கணக்கு”ன்னு சொல்லிட்டு அவுக பாட்டுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாக. பதில் சரிதான். ஆனா ஏன் அப்படிங்கிறது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு, புரிஞ்ச பெறகு அடைக்கோழியைப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு.

சேவல் சேந்த கோழி இட்ட முட்டைன்னா, அது வெளிய வந்து விழும்போதே உள்ள உயிர் தொடங்கி ஒரு நாள் ஆகியிருக்கும். மஞ்சக்கரு சினைப்பையிலருந்து கழண்டு, வெள்ளைக்கரு சேந்து, ஓடு கட்டி வெளிய வர்றதுக்கு 24லருந்து 26 மணி நேரம் ஆகும், அதுல ஓடு கட்டுறதுக்கு மட்டுமே 20 மணி நேரத்துக்குப் பக்கமா போயிரும். இந்த நேரம் பூராவும் கோழியோட வயித்துச் சூட்டுல, அதாவது 41 டிகிரி வாக்குல, கரு பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய வரும்போது மஞ்சக்கரு மேல சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுமே, அதுல பல ஆயிரம் செல் இருக்கு. (சேவலைத் தனியாப் பிரிச்சு வச்ச பெறகும் ரெண்டு வாரம் வரைக்கும் கூட பொரிக்கிற முட்டை வரும், கோழி உடம்புக்குள்ள விந்தைச் சேத்து வைக்கிறதுக்குன்னே சின்னச் சின்னக் குழாய் இருக்கு.)

முட்டை வெளிய வந்து ஆறுன உடனே அந்த வளர்ச்சி நிக்குது. சாகல, உறங்குது. இருபத்துச் சொச்சம் டிகிரிக்குக் கீழ போனா கரு அப்படியே காத்துக்கிட்டு இருக்கும், மறுபடி 37, 38 டிகிரி தொடர்ந்து கிடைச்சாத்தான் விட்ட எடத்துலருந்து வேலையை ஆரம்பிக்கும். மொத முட்டை பன்னெண்டு நாள் காத்துக் கிடந்துச்சு, கடைசி முட்டை ஒரு நாள் காத்துக் கிடந்துச்சு, கோழி மேல உக்காந்த அன்னைக்கு எல்லாமே ஒண்ணா முழிச்சுச்சு. அங்கருந்து 21 நாள். திங்கக்கெழமை அடை வச்சா மூணு வாரம் கழிச்சு திங்கக்கெழமை பொரிக்கும்.

இதுலதான் நம்ம மதுரைப் பக்கம் ஒரு சிக்கல் இருக்கு, இதை நெறையப் பேரு கவனிக்கிறதில்ல. நம்ம ஊருல மார்கழி தை ராத்திரியத் தவிர இருபத்துச் சொச்சம் டிகிரி எங்க கிடைக்குது? சித்திரை வைகாசியில தகர ஷீட்டுக்குக் கீழ முட்டையை அட்டையில அடுக்கி வச்சா அந்தக் கரு முழுசா உறங்கவும் செய்யாது, முழுசா வளரவும் செய்யாது, அரைகுறையா வளந்து வளந்து தளந்து போயிரும். அப்படிப்பட்ட முட்டையை அடைக்கு வச்சா ரெண்டு மூணு நாள்லயே உள்ள செத்துரும். நம்ம என்ன சொல்லுவோம், “கோழி சரியில்ல”ம்போம். கோழி மேல தப்பே இல்ல. ஒரு மண்பானையில மணலைப் போட்டுத் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சு, அது மேல சின்னச் சட்டியோ துணியோ போட்டு முட்டையை வச்சீங்கன்னா நாலஞ்சு டிகிரியாவது குறையும். கூர் முனை கீழ பாக்க வைங்க. ஒரு வாரத்துக்கு மேல சேத்து வைக்காதீங்க, வெயில் காலத்துல அஞ்சு நாளே அதிகம். அழுக்கா இருக்குன்னு கழுவவும் வேணாம், ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிசுப் பூச்சு இருக்கு, கிருமி உள்ள போகாம தடுக்குறது அதுதான், கழுவுனா போயிரும்.

இப்ப கோழிக்கு வருவோம். நேத்து வரைக்கும் கேறிக்கிட்டு வீட்டச் சுத்திக்கிட்டு இருந்த கோழி திடீர்னு ஒரு நாள் கூடையை விட்டு எறங்காது. கை கொண்டு போனா சிலுப்பிக்கிட்டு கொத்த வரும், கொரல் மாறி கொக் கொக்குன்னு அடித்தொண்டையில பேசும். இது சோம்பேறித்தனமும் இல்ல பிடிவாதமும் இல்ல, அது உடம்பே மாறியிருக்கு. மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியிலருந்து புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறுது. நம்ம வீட்டுத் தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்குதே, அதே புரோலாக்டின்தான். கோழிக்குப் பால் கிடையாது, அதுக்குப் பதிலா முட்டை இடுறதை நிறுத்திரும், கொண்டை சுருங்கி வெளுத்துரும், பசி குறைஞ்சிரும். நெஞ்சு வயித்துப் பக்கம் முடி உதிந்து வெறுந்தோல் ஆகி அங்க ரத்த ஓட்டம் கூடும், அந்தத் தோல் நேரா முட்டை மேல படுற மாதிரி உக்காரும். வயித்துக்கு அடியில முட்டை படுற அந்தத் தொடு உணர்வே புரோலாக்டினை இன்னும் ஏத்தி விடும், அதனாலதான் முட்டையை எடுத்துட்டா கொஞ்ச நாள்ல அடை தெளியுது.

பண்ணை வெள்ளைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டையைத் தாண்டுறதுக்கும் நம்ம நாட்டுக்கோழி 60, 70-லயே நிக்கிறதுக்கும் பெரிய காரணம் இதுதான். வெள்ளை லெகார்ன் மாதிரி ரகத்துல அடைக்கு உக்காராத கோழியாப் பாத்துப் பாத்து தலைமுறை தலைமுறையா இனம் சேத்து அந்தக் குணத்தையே எடுத்துட்டாங்க. அதுகளுக்குக் குஞ்சு வேணும்னா மிஷின்தான். நம்ம சிறுவிடை நாட்டுக்கோழிக்கு இன்னும் அந்தக் குணம் அப்படியே இருக்கு, அதை ஒரு குறையாப் பேசுறது எனக்குப் பிடிக்காது.

அடை தெளிய வைக்கணும்னு சில பேரு எறக எடுத்து ரெண்டு மூக்கு ஓட்டையிலயும் குறுக்க சொருகி விடுவாங்க. அது வேதனையில தலையை உதறிக்கிட்டே திரியும். தயவு செஞ்சு இதைச் செய்யாதீங்க. தண்ணியில முக்குறதுக்காவது ஒரு காரணம் இருக்கு, வயித்துச் சூடு தணியும், ஆனா அதுவும் கோழியை மெரட்டுறதுதான். கம்பி வலை அடிச்ச கூண்டைத் தரையிலருந்து தூக்கி வச்சு அதுல விட்டுருங்க, அடியில காத்து போகும், ஒக்காந்து சூடு பிடிக்க எடம் இருக்காது, கம்பும் தண்ணியும் தாராளமா வைங்க, மூணு நாலு நாள்ல தன்னால தெளிஞ்சிரும்.

சரி, மேல உக்காந்திருக்குன்னு சொல்றோமே, அந்த 21 நாளும் அது என்ன செய்யுது? சும்மா உக்காந்தா குஞ்சு வராது. ராத்திரியில டார்ச் அடிக்காம பக்கத்துல போய் காது குடுத்துக் கேளுங்க, முட்டை ஒண்ணோட ஒண்ணு மோதுற டக் டக் சத்தம் கேக்கும். மூக்கால உருட்டிக்கிட்டே இருக்கும், ஓரத்துல கிடக்குறதை நடுவுக்கும் நடுவுல இருக்கிறதை ஓரத்துக்கும் மாத்தும். முட்டையோட மேல்பக்கம் சூடாவும் கீழ்பக்கம் கொறஞ்சும் இருக்கும்ல, அது சமமாகும். இன்னொண்ணு, கருவை ஒரே பக்கமா விட்டா சவ்வு ஓட்டோட ஒட்டிக்கும், வெள்ளைக்கருவையும் ஒழுங்கா இழுத்துக்க முடியாது. மிஷின்ல மணிக்கு ஒரு தடவை மோட்டார் திருப்பி விடுதே, அது கோழியைப் பாத்துச் செஞ்சதுதான். பதினெட்டாம் நாளோட திருப்புறதை நிறுத்திரணும், அதுக்கு மேல குஞ்சு வெளிய வர்றதுக்குத் தலையை வசம் பண்ணிக்கிற நேரம்.

முட்டை மூச்சு விடுதுங்கிறது பல பேருக்கு நம்பவே கஷ்டமா இருக்கும். ஓட்டுல பத்தாயிரம் வாக்குல துளை இருக்கு. 60 கிராம் முட்டை ஒண்ணு இந்த 21 நாள்ல 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ள இழுத்து, நாலரை லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிய விடும். நம்ம நாட்டு முட்டை 40 கிராம் வாக்குலதான் இருக்கும், அதுக்குத் தக்கன குறைச்சுக்கங்க. அதுக்குள்ள நுரையீரல் வேலை செய்யல, ஓட்டை ஒட்டி விரிஞ்சு கிடக்குற ரத்தக்குழாய்ச் சவ்வுதான் காத்தை வாங்குது. தண்ணி ஆவியாகி முட்டையோட எடை எட்டுல ஒரு பங்கு குறையும், அந்தக் காலி எடத்துலதான் மொண்ணை முனையில காத்துப்பை பெருசாகுது. ஓட்டுல இருக்குற சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத்தான் எலும்பே கட்டுது, அதனால ஓடும் மெலிசாகி குஞ்சு ஒடைக்கிறதுக்குத் தோதா வந்துரும்.

ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச்சை மொண்ணை முனையில வச்சுப் பாருங்க. நடுவுல கருப்பாப் புள்ளி, அதைச் சுத்தி செவப்பு நூலா எட்டுக்கால் பூச்சி மாதிரி பரவியிருந்தா உயிர் இருக்கு. மொதத் தடவை அந்தப் புள்ளி ஆடுறதைப் பாத்தப்ப நான் முட்டையைக் கீழ வைக்க மனசில்லாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். 2300 வருஷத்துக்கு முன்னாடி அரிஸ்டாட்டில் தினம் ஒரு முட்டையை ஒடைச்சுப் பாத்து, மூணு நாள் ஆனதும் ரத்தப் புள்ளி ஒண்ணு உயிரோட துடிக்குதுன்னு எழுதி வச்சிருக்காரு. நமக்கு ஒடைக்க வேண்டிய தேவை கூட இல்ல. ஒண்ணுமே தெரியாம வெளிச்சமா இருந்தா கரு கூடாத முட்டை. உள்ள கலங்கிக் கூழாப் போயிருந்தா அதுதான் கூமுட்டை, அதை உடனே எடுத்துருங்க, உள்ள வாயு சேந்து வெடிச்சா மத்த முட்டை மேலயும் கிருமி படும்.

கூடையில ஆணி, கரித்துண்டு, வரமிளகா போடுற பழக்கம் எங்க பக்கம் இன்னும் இருக்கு, இடி இடிச்சா முட்டை கலங்கிரும்னு ஒரு பயம். 1960கள்ல அமெரிக்காவுல, ஜெட் விமானம் ஒலி வேகத்தைத் தாண்டும்போது வர்ற வெடிச்சத்தத்தை அடை முட்டைக்குக் கேக்க வச்சே சோதிச்சுப் பாத்தாங்க, பொரிக்கிறது குறையல. எனக்கு என்ன தோணுதுன்னா, நம்ம ஊருல இடி அதிகமா இடிக்கிறது சித்திரை வைகாசி கோடை மழையில, முட்டை வெயில்ல வெந்து கெடுறதும் அதே மாசந்தான். கெட்டது வெயிலால, பழி இடி மேல. கூரா இருந்தா சேவக்குஞ்சுன்னு சொல்றதுலயும் உண்மை இல்ல, சேவலா பொட்டையாங்கிறது முட்டை வடிவம் வர்றதுக்கு முன்னாடியே தாய்க்கோழி குடுக்குற குரோமோசோம்ல முடிவாயிரும்.

கோழி தினம் ஒரு தடவை எந்திரிச்சு வந்து அவசர அவசரமா ரெண்டு கொத்து தின்னு, தண்ணி குடிச்சு, மண்ணுல பெரண்டு, கால் மணி இருபது நிமிசத்துல திரும்பிரும். அந்த நேரம் முட்டை ஆறும், ஒண்ணும் ஆகாது. நான் சின்ன மிஷின் ஒண்ணு வாங்கி ஓட்டுனப்ப ராத்திரி மூணு மணி நேரம் கரண்டு போயிருச்சு, எல்லாம் போச்சுன்னு அழாத குறை. மறுநாள் டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் புள்ளி ஆடுது. ஆறுனா கரு மெதுவாகும், அவ்வளவுதான். சூடு ஏறுனாத்தான் ஆபத்து, 40 டிகிரிக்கு மேல சில மணி நேரம் நின்னாலே உள்ள முடிஞ்சிரும்.

இருபதாம் நாள் வாக்குல குஞ்சு மூக்கால காத்துப்பைச் சவ்வைக் கிழிச்சு மொத மூச்சு விடும். அப்ப முட்டையைக் காதுல வச்சா கிய் கிய்னு கேக்கும், கோழியும் மெதுவா பதில் பேசும். காடையில இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஓட்டுக்குள்ள இருந்தே ஒண்ணுக்கொண்ணு சத்தம் குடுத்து பொரிக்கிற நேரத்தை ஒண்ணாக்கிக்குதுங்க. அலகு நுனியில சின்னதா ஒரு கூர் இருக்கும், அதால ஓட்டுல ஒரு சில்லு எடுத்துட்டு பல மணி நேரம் சும்மா கிடக்கும். இங்கதான் நம்ம அவசரப்பட்டு கையால உரிச்சு விட்டுருவோம். வேணாம். அந்த நேரத்துல சவ்வுல இன்னும் ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு, மிச்ச மஞ்சக்கரு வயித்துக்குள்ள ஏறிக்கிட்டு இருக்கு, உரிச்சா ரத்தம் போய் செத்துரும். அது முடிஞ்ச பெறகு குஞ்சு தானே உள்ளுக்குள்ள சுத்தி சுத்தி மூடி மாதிரி வெட்டிக்கிட்டு வெளிய வரும்.

வயித்துக்குள்ள ஏறுன அந்த மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குப் பக்கமா குஞ்சுக்குச் சாப்பாடு. நாமக்கல்லுலருந்து ஒரு நாள் குஞ்சு அட்டைப்பெட்டியில பஸ்ஸு ஏறி மாட்டுத்தாவணி வந்து எறங்குறது இதை நம்பித்தான். தாய்க்கோழிக்கும் அந்த ரெண்டு நாள்தான் கெடு. பொரிச்ச குஞ்சுக்குப் பசி எடுக்க ஆரம்பிச்சதும் மிச்ச முட்டையை விட்டுட்டு எந்திரிச்சு, குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு குப்பைமேட்டுக்குப் போயிரும். விட்டுட்டுப் போன முட்டையில சிலது கூமுட்டையா இருக்கும், ஆனா சிலதுல உயிரோட குஞ்சு இருக்கும், வேற ஏதாவது கோழி நாலு நாள் பிந்தி வந்து அதே கூடையில இட்டுட்டுப் போன முட்டை அது. அதனால அடை வைக்கிற அன்னைக்கே எல்லா முட்டையிலயும் கரிக்கட்டையால ஒரு கோடு போட்டுருங்க. கோழி இரைக்கு எறங்குற நேரம் கூடையப் பாத்து, கோடு இல்லாத முட்டை கிடந்தா அன்னைக்கே எடுத்துருங்க.