அணையாத சுவிட்ச்: ஏரோ மேன்டிரான்டாவின் ரத்தம்

1964 குளிர்கால ஒலிம்பிக். ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டில் 15 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் பந்தயம். அந்தக் காலத்தில் வீரர்களை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பக்கத்தில் ஆள் இருக்காது, போட்டி கடிகாரத்தோடுதான். அன்று இரண்டாவதாக வந்தவருக்கும் மூன்றாவதாக வந்தவருக்கும் எட்டு விநாடிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் முதலிடம் பிடித்த பின்லாந்துக்காரர், இரண்டாமவரை 40.7 விநாடி முந்தியிருந்தார். 30 கிலோமீட்டரிலும் அவருக்கே தங்கம். அதில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக முந்தினார். 'மிஸ்டர் ஸேஃபெல்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் ஏரோ மேன்டிரான்டா. 1937-இல், சுவீடன் எல்லையை ஒட்டிய பெல்லோ பகுதியில் பிறந்தவர். எல்லைக் காவலராக வேலை பார்த்தவர். நான்கு ஒலிம்பிக்குகளில் இறங்கி, மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கங்கள் வென்றார். கூடவே ஒரு சந்தேகமும் அவரைத் துரத்தியது. அவருடைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் இயல்பைவிட மிக அதிகம். ஏதோ செய்துகொண்டுதான் ஓடுகிறார் என்று பேசினார்கள்.

சிவப்பணுவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இந்த விளையாட்டில் கால் மட்டும் உழைப்பதில்லை. இரண்டு தடிகளையும் பனியில் ஊன்றித் தள்ளும்போது தோள், முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. அத்தனை தசைகளும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயம் எவ்வளவுதான் வேகமாக இறைத்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் போகிற ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதற்கும் வெற்றியில் பெரிய பங்கு உண்டு. சுமப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நாம் முதலில் தேடும் அதே எண்தான். ஆண்களுக்கு 15 இருந்தால் திருப்தி, அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அப்படியானால் 15 உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் ஏறும். மேன்டிரான்டாவுக்கு அந்த எண் 20-ஐத் தாண்டியிருந்தது. அதே ஒரு லிட்டரில் 270 மில்லிலிட்டர். மற்றவர்கள் மூன்று நடையில் கொண்டுபோகும் சுமையை அவர் உடம்பு இரண்டே கால் நடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

காரணம் 1993-இல் தெரிந்தது. பின்லாந்து மரபியல் அறிஞர் ஆல்பர்ட் டி லா ஷபெல்லும் சக ஆய்வாளர்களும் அவருடைய குடும்பத்தினரின் மரபணுவை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்.

சிவப்பணு உற்பத்திக்கு உத்தரவு போடுவது சிறுநீரகம். ஆக்சிஜன் குறைவதை உணர்ந்தால் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சுருக்கமாக இபிஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்குள்ள செல்களின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஏற்பியில் ஒட்டியதும், "பெருகு" என்ற கட்டளை உள்ளே பாயும். ஏற்பியின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. கட்டளை போதும் என்றானதும் அதை அணைக்கும் புரதம் வந்து உட்காருவது அந்த வாலில்தான்.

மேன்டிரான்டா குடும்பத்தில் இந்த ஏற்பியை எழுதும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. அந்த இடத்தில் ஓர் அமினோ அமிலத்தைச் சேர் என்பதற்குப் பதிலாக "இத்தோடு நிறுத்து" என்று வாசகம் மாறிவிட்டது. வாலின் கடைசி 70 அமினோ அமிலங்கள் உருவாகவே இல்லை. அணைக்க வருகிற புரதத்துக்கு உட்கார இடமில்லை. காலிங் பெல் சுவிட்சை லேசாகத் தொட்டதும் உள்ளே சிக்கிக்கொண்டு மணி அடித்துக்கொண்டே இருக்குமே, அப்படித்தான். சிறுநீரகம் இபிஓவை வெகுவாகக் குறைத்தும் மஜ்ஜை ஓயவில்லை. வெளியிலிருந்து இபிஓ ஊசி போட்டுக்கொள்பவரின் ஏற்பியில் வால் முழுதாக இருக்கும், அதனால் கட்டளை இவ்வளவு நீடிக்காது.

இதைப் படித்துவிட்டு, பிறப்பிலேயே பதக்கம் எழுதியிருந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே மாற்றம் பல உறவினர்களுக்கும் உண்டு, அவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் போகவில்லை. பனியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஓட்டம் எந்த எழுத்துப் பிழையிலும் வராது. அவரைப் புனிதராக்கவும் தேவையில்லை. 1972-இல் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்துக்கான பரிசோதனையில் சிக்கினார். அது ரத்தத்தின் கதையோடு சேராத தனிக் கணக்கு.

1980-களின் இறுதியில் இபிஓ மருந்தாகச் சந்தைக்கு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. மேன்டிரான்டாவுக்குப் பிறவியில் வாய்த்ததை ஊசியில் வாங்க முடிந்தது. ரத்தம் கெட்டியாகி இதயம் நின்றுவிடும் ஆபத்தும் கூடவே வந்தது. எனவே பனிச்சறுக்குச் சம்மேளனம் ஹீமோகுளோபினுக்கு வரம்பு வைத்தது. 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு அது 17. மீறியவர்கள் ஐந்து நாள் பந்தயத்தில் இறங்க முடியாது. பிறவியிலேயே அதிகம் என்று நிரூபித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மேன்டிரான்டா அன்று இளைஞராக இருந்திருந்தால், 1993-இல் கிடைத்த அந்த மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடக்கக் கோட்டுக்கு வந்திருக்க வேண்டும்.