கடற்படை மருத்துவ உதவியாளர்: எந்த ஊருக்கு, எந்தக் கப்பலுக்கு அனுப்புவது என்று எப்படி முடிவாகிறது?

பிளஸ் டூவில் உயிரியல் படித்து, நீட்டில் இடம் கிடைக்காமல் போன பையன்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். அரூர், ஊத்தங்கரை, பென்னாகரம், பாலக்கோடு என்று எந்தப் பள்ளியிலும் வகுப்புக்குச் சிலர் இருப்பார்கள். லேப் டெக்னீசியன், நர்சிங், பார்மசி என்று அவர்களுக்கு வழி சொல்கிறோம். இந்தியக் கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேரலாம் என்பதைச் சொல்ல மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை. கடலே இல்லாத மாவட்டம் என்பதாலோ என்னவோ.

நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவன். இந்த வேலையைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் பேசும்போதெல்லாம் சம்பளத்துக்கு முன்னால் வருகிற கேள்வி, "எங்க சார் போடுவாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் பையனை அனுப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து "ஏமாந்துட்டோம்" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களை யாரும் ஏமாற்றவில்லை, விதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் சேரும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பணியிடம் ஒதுக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

யார் சேரலாம்

கடற்படையில் நோயாளியைப் பார்க்கும் பணியாளர்கள் மூன்று வழியாக வருகிறார்கள். டாக்டர்கள் அதிகாரிகள், எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர்கள். செவிலிய அதிகாரிகள் ராணுவ நர்சிங் சேவையிலிருந்து வருபவர்கள். மூன்றாவது வழிதான் மருத்துவ உதவியாளர். இவர் அதிகாரி அல்ல, மாலுமி. எஸ்.எஸ்.ஆர். (மருத்துவ உதவியாளர்) என்ற பெயரில் இதற்கு அறிவிப்பு வரும்; எஸ்.எஸ்.ஆர். என்றால் பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கும் மாலுமிப் பிரிவு.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 40 சதவீதம். திருமணமாகாத ஆண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். முதலில் கணினித் தேர்வு: ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். உயிரியல் நன்றாகத் தெரிந்த பையன்கூட ஆங்கிலச் சொல் புரியாமல் விடையைக் கோட்டைவிடுகிறான். ஆறு மாதம் முன்பிருந்தே ஆங்கில வழிப் பாடப்புத்தகத்தைக் கையில் எடுப்பது நல்லது. அடுத்தது உடல்தகுதி: 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும். 20 முறை உட்கார்ந்து எழுந்திருத்தல் (ஸ்குவாட்), 15 தண்டால், 15 சிட்-அப். அதன் பிறகு எழுத்துத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது நான்கு ஆண்டு அக்னிவீர் பணி அல்ல. ஒரே விண்ணப்ப நேரத்தில் இரண்டுக்கும் அறிவிப்பு வருவதால் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவ உதவியாளர் வழக்கமான மாலுமிப் பணி; முதல் ஒப்பந்தமே 20 ஆண்டு. பயிற்சியில் மாதம் 14,600 ரூபாய் உதவித்தொகை. பயிற்சி முடிந்தால் லெவல் 3, அதாவது அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதோடு ராணுவப் பணிக்கான 5,200 ரூபாயும் மற்ற படிகளும்.

அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் நடக்கும். நீச்சல், அணிவகுப்பு, துப்பாக்கி எல்லாம் அங்கேதான். அதன்பின் மருத்துவப் பயிற்சி. அதற்கான பள்ளி மும்பை கொலாபாவில், ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையில் இருக்கிறது. வார்டிலேயே நின்று கற்றுக்கொள்கிற படிப்பு அது.

பணியிடம் எப்படி ஒதுக்கப்படுகிறது

இங்கேதான் வீட்டுக்காரர்கள் நினைப்பதும் நடப்பதும் வேறு வேறாக இருக்கும். நம் ஊரில் அரசு வேலை என்றால் ஆளைப் பார்த்து இடம் தேடுவார்கள்: இவருக்கு தருமபுரி வேண்டும், பாப்பாரப்பட்டியில் காலி இருக்கிறதா பார் என்று கலந்தாய்வு நடக்கும். கடற்படையில் முதலில் இடம், அப்புறம்தான் ஆள்.

ஒவ்வொரு கப்பலுக்கும், தளத்துக்கும், மருத்துவமனைக்கும் எத்தனை மருத்துவ உதவியாளர், எந்தப் பதவி நிலையில், எந்தச் சிறப்புத் திறனோடு இருக்க வேண்டும் என்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றால், பதவி உயர்வு பெற்றால், மேல்பயிற்சிக்குப் போனால் அந்த எண்ணிக்கையில் ஓட்டை விழும். புதுக் கப்பல் கட்டி முடிகிற நேரத்தில் மொத்தமாகப் பல இடங்கள் ஒரேயடியாக உருவாகும். கப்பல் படையில் சேரும் முன்பே, அது கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, முதல் குழுவை அங்கே அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஓட்டைகளை நிரப்புவது மும்பையில் இருக்கும் மாலுமிகள் பணியகம். கமடோர் நிலையில் உள்ள ஓர் அதிகாரி அதன் தலைவர். நாடு முழுவதும் உள்ள மாலுமிகளின் இடமாற்ற ஆணை அங்கிருந்துதான் வரும். கப்பல் கேப்டனுக்கோ மருத்துவமனைத் தலைவருக்கோ தனக்கு வேண்டிய ஆளைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. அவர்கள் தேவையைச் சொல்லலாம், பரிந்துரைக்கலாம்.

ஆணை போடும்போது பார்ப்பவை பல. முதலாவது பதவி நிலை. புதிதாக வந்த உதவியாளர் இருக்க வேண்டிய இடத்தில் சீஃப் பெட்டி ஆபீசர் என்ற மூத்த மாலுமியைப் போடமாட்டார்கள். தனியாகப் பொறுப்பு ஏற்க வேண்டிய இடத்துக்குப் புதியவரை அனுப்பமாட்டார்கள். இரண்டாவது கடலும் கரையும். கப்பலில் கொஞ்ச காலம் இருந்தவரைக் கரைப் பணிக்கு இறக்குவதும், கரையில் இருந்தவரை மறுபடி கப்பலுக்கு ஏற்றுவதும் மாறி மாறி நடக்கும். மொத்த வருடங்களும் மருத்துவமனையிலேயே கழியும் என்று எண்ணிச் சேருபவருக்கு ஏமாற்றம்தான். பதவி உயர்வுக்கும் கடலில் இருந்த காலம் முக்கியம்.

மூன்றாவது சிறப்புப் பயிற்சி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பையன் கையில் கொஞ்சமாவது இருப்பது இது ஒன்றுதான். அறுவை அரங்கு, ரத்தப் பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே போன்ற பிரிவுகளில் மேல்பயிற்சி பெற்றவர் எங்கே தேவைப்படுகிறார் என்று பாருங்கள். அறுவை அரங்கு இருக்கும் இடத்தில்தான் அறுவை அரங்க உதவியாளருக்கு வேலை. அதாவது பெரிய மருத்துவமனைகளில், அல்லது மிகப் பெரிய கப்பல்களில். 2022 செப்டம்பரில் கொச்சியில் படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் சுமார் 1,600 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக 16 படுக்கை மருத்துவமனையே உள்ளே இருக்கிறது, அறுவை அரங்கோடு. எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அது அடுத்த பத்து வருடத்துக்கு நாம் போகக்கூடிய இடங்களின் பட்டியலையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறது.

சின்னக் கப்பலில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே டாக்டர் இருக்கமாட்டார். மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் எல்லாம். ஓர் அறை, அதில் பூட்டிய மருந்து அலமாரி, ஒரு படுக்கை. காலையில் வாந்தி, தலைச்சுற்றல் என்று வருபவர்களைப் பார்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டி சுத்தமா, சமையலறையில் கைகழுவுகிறார்களா என்று சோதிப்பதும் அவர் வேலை. ஒரே சாப்பாட்டில் நாற்பது பேருக்கு வயிறு கெட்டால் கப்பலே நின்றுபோகும் அல்லவா. இயந்திர அறையில் ஒருவர் விழுந்து முதுகில் அடிபட்டால், செங்குத்தான ஏணியில் சாதாரண ஸ்ட்ரெச்சர் ஏறாது. அதற்கென்று நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் என்று ஒன்று இருக்கிறது: கித்தான் துணியும் மூங்கில் பட்டைகளும் கொண்டது. அடிபட்டவரை அதில் வைத்து, உடம்பு அசையாதபடி பட்டைகளால் இறுக்கிக் கட்டி, கயிற்றில் நிமிர்த்தியபடியே மேலே தூக்குவார்கள். அதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர் அந்த உதவியாளர்தான். இப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் குறைவாக இருந்தால், மும்பை மருத்துவமனையில் ஒரு கை குறைந்தாலும் பரவாயில்லை என்று அங்கிருந்து எடுத்துக் கப்பலுக்கு அனுப்புவார்கள். அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். மருத்துவமனையில் ஒருவர் இல்லையென்றால் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். நடுக்கடலில் யார் இருக்கிறார்கள்?

நிரந்தர இடமாற்றம் தவிர, தற்காலிகப் பணி என்று ஒன்றும் உண்டு. 2021 ஏப்ரல் கடைசியில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அகமதாபாத் பி.எம். கேர்ஸ் மருத்துவமனைக்குக் கடற்படை 57 பேர் கொண்ட குழுவை அனுப்பியது. நான்கு டாக்டர்கள், ஏழு நர்சுகள், 26 துணை மருத்துவப் பணியாளர்கள், 20 உதவிப் பணியாளர்கள். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கப்பலிலோ மருத்துவமனையிலோ ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள்தான். இப்படிக் கூப்பிட்டால் மறுப்பதற்கு வழி இல்லை.

நமக்குப் பக்கத்தில் கிடைக்குமா?

காரிமங்கலத்துப் பக்கத்து அம்மா ஒருவர் பள்ளிக்கு வந்து கேட்டார்: "சார், அரக்கோணத்துல நேவி இருக்குதாமே, அங்கயே போட்டுருவாங்களா? வாரா வாரம் வந்துட்டுப் போவான்ல?"

அரக்கோணத்தில் ராஜாளி தளம் இருப்பது உண்மை. சென்னையில் ஐ.என்.எஸ். அடையாறு, ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து, திருநெல்வேலி விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் என்று தமிழ்நாட்டில் தளங்கள் உண்டு. கோயம்புத்தூர் அக்ரணி தளத்தில் மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி நடக்கிறது. ஆனால் ஐ.என்.எச்.எஸ். என்ற பெயரில் கடற்படை நடத்தும் மருத்துவமனை தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மும்பை அஸ்வினி, விசாகப்பட்டினம் கல்யாணி, கொச்சி சஞ்சீவனி, கோவா ஜீவந்தி, கார்வார் பதஞ்சலி, ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) தன்வந்திரி: அவைதான் முக்கியமான மருத்துவமனைகள். அதனால் மருத்துவ உதவியாளருக்குத் தமிழ்நாட்டில் உள்ள இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நமக்கு வசதி என்றால் கொச்சிதான். பெங்களூரு எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தருமபுரி வழியாகத்தான் போகிறது. "கொச்சி கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா விசாகப்பட்டினம், மும்பைன்னு மனச தயார் பண்ணிக்குங்கம்மா" என்றுதான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

மாலுமி தன் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். தேவையோடு மோதினால் தேவைதான் ஜெயிக்கும். இது நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் மருத்துவ மாலுமிகளுக்கென்று 1898 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே காலி இடங்களை இணையத்தில் பார்த்து மாலுமியே விண்ணப்பிக்கிறார். அப்படியிருந்தும் கடைசி வார்த்தை பணியிடம் ஒதுக்கும் அதிகாரியிடம்தான். அந்நாட்டு மரைன் படைக்குச் சொந்தமாக மருத்துவ வீரர்கள் கிடையாது என்பதால், கப்பலை நினைத்துச் சேர்ந்தவரை மரைன் படை முகாமுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

குடும்பத்தில் கடுமையான நோய், மனைவியின் உடல்நிலை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத பெற்றோர் போன்ற காரணங்களுக்குக் கருணை அடிப்படையில் இடமாற்றம் கேட்கலாம். வெறும் மனு போதாது. அரசு மருத்துவமனைச் சான்று, சிகிச்சைக் குறிப்புகள், குடும்பத்தில் வேறு ஆண்பிள்ளை இல்லை என்றால் வருவாய்த்துறைச் சான்று எல்லாம் வேண்டும். மனு அவருடைய கப்பல் அல்லது தளத்தின் வழியாக மேலே போக வேண்டும். அப்பா நேரடியாக மும்பைக்குக் கடிதம் எழுதுவது வேலைக்கு ஆகாது. ஊரில் குடும்பத்துக்குப் பிரச்சினை என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் "முன்னாள்" என்று இருந்தாலும், இப்போது பணியில் இருப்பவர் குடும்பத்தின் மனுக்களையும் அங்கே வாங்குவார்கள்.

தரகர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "நேவில ஆள் இருக்கு, சென்னை போஸ்டிங் வாங்கித் தர்றேன், மூணு லட்சம்" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேசுகிறவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். மேலே சொன்ன நடைமுறையில் அவர் நுழைய இடமே இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு

இந்தப் பணி இப்போதைக்கு ஆண்களுக்கு மட்டும். ஆனால் நீட் எழுதிய பெண் பிள்ளைகள் ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரிகளில் ஒன்று பெங்களூரு விமானப்படை மருத்துவமனையிலேயே இருக்கிறது, ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். படித்து முடித்தால் அதிகாரி நிலையில் வேலை. நம் பக்கத்துப் பெண்கள் இதை ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

திரும்பி வந்த பிறகு

இருபது ஆண்டு முடித்து நாற்பது வயதில் ஓய்வூதியத்தோடு வருபவருக்கு இன்னொரு வேலைக்கான காலம் மிச்சம் இருக்கும். கடற்படையில் வார்டு பார்த்த அனுபவம் இருக்கிறது என்பதற்காகத் தமிழ்நாட்டில் நர்சாகப் பதிவு கிடைத்துவிடாது. அதற்குத் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவு வேண்டும். மன்றம் கேட்கும் படிப்பு வேறு. லேப், எக்ஸ்ரே பிரிவில் சிறப்புப் பயிற்சி பெறுபவர்கள், அந்தச் சான்றிதழ் வெளியில் எந்த டிப்ளமோவுக்குச் சமம் என்று பணியில் இருக்கும்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் அந்தக் காகிதத்துக்கு அலைவது பெரும்பாடு.

அறிவிப்பு வந்தால் கடற்படையின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் வரும். விண்ணப்பம் அங்கே மட்டும்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருப்பது நம் பிள்ளைகளுக்கு வழக்கம். அதை இ-சேவை மையத்தில் திருத்த நாளாகும், அறிவிப்பு வந்தபின் அவ்வளவு நாள் இருக்காது.