ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நோயாளியைப் பார்க்கும்போது, "உங்களுக்கு என்ன ஆபரேஷன்?" என்றுதான் முதலில் கேட்பேன். "தெரியலைங்க, பையன் கையெழுத்துப் போட்டுட்டான்" என்று இந்த வாரமும் ஒரு அம்மா சொன்னார். தெளிவாகப் பேசுகிறவர். கோப்பைத் திறந்தால், ஆபரேஷனின் பெயர் எழுதவேண்டிய இடம் காலி. கீழே மகனின் கையெழுத்து. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"ஏதாவது ஆனா ஆஸ்பத்திரி பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கறாங்க" என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதால் டாக்டரின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது, வழக்குப் போடும் உரிமையும் போய்விடாது. விஷயத்தை விளக்கினார்கள், புரிந்துகொண்டு சரி என்றீர்கள் என்பதற்கான பதிவுதான் அந்தத் தாள். அந்தப் பேச்சே நடக்காதபோது கையெழுத்து எதற்கு?

படிவத்தின் தலைப்பில் இருக்கும் 'கன்சென்ட்', அதாவது சம்மதம், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'கான்' என்றால் சேர்ந்து. 'சென்டிரே' என்றால் உணர்வது. இருவர் மனம் ஒத்துப்போவதைச் சொல்ல வந்த சொல், ஒருவர் பேனாவை நீட்ட இன்னொருவர் கிறுக்குவதில் முடிந்திருக்கிறது.

நியூயார்க்கில் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த மேரி ஷ்லோண்டார்ஃபுக்கு, மயக்கத்தில் இருந்தபோது கட்டியையே அகற்றிவிட்டார்கள். தெளிந்த மனநிலையுள்ள, வயதுவந்த எவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று 1914இல் நீதிபதி கார்டோசோ எழுதியது அந்த வழக்கில்தான். தர்ம ஆஸ்பத்திரி என்பதால் மேரிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. 'கன்சென்ட்' என்பதன் முன்னால் 'இன்ஃபார்ம்டு', அதாவது விவரம் தெரிந்த, என்ற அடைமொழி 1957இல் ஒரு கலிஃபோர்னியா தீர்ப்பில் ஒட்டிக்கொண்டது. ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தபின் கால்கள் செயலிழந்துபோன மார்ட்டின் சால்கோவின் வழக்கு அது.

காலி இடம் உள்ள படிவத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம், பதில் சொல்வதும் எங்கள் வேலைதான். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினாலும் சொல்லலாம். நினைவில்லாமல் வருபவரின் உயிரைக் காப்பாற்றுவது வேறு கதை, அங்கே நாங்கள் காத்திருக்கமாட்டோம்.

அப்புறம் பிள்ளைகளுக்கு: "அம்மா பயந்துடுவாங்க" என்று மறைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பதிலை அவரே சொல்லட்டும். எந்தப் பல் ஆடுகிறது, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் கேட்பதற்கெல்லாம் அவருக்குத்தான் பதில் தெரியும்.