ஸ்ட்ரோக், பக்கவாதம், மூளைத்தாக்கு: எது எதைச் சொல்கிறது?

ஸ்ட்ரோக்குக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் பக்கவாதம் என்பார்கள். செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், மருத்துவமனைப் பலகைகளிலும் அதுதான் இருக்கிறது. சரி, புழங்கிவிட்ட சொல். ஆனால் அது நோயின் பெயரே கிடையாது, நோய் விட்டுப்போகும் சேதத்தின் பெயர். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைபடுகிறது, அல்லது வெடித்துக் கசிகிறது, அதற்குப் பெயர் ஸ்ட்ரோக். அதன் விளைவாக உடம்பில் ஒரு பாதி செயலிழந்து போனால் அது பக்கவாதம். முதலாவது வந்து இரண்டாவது வராமலே இருக்கலாம், அதுதான் சிக்கல். பேச்சு மட்டும் குழறும், அல்லது ஒரு பக்கத்துப் பார்வை மட்டும் போகும், அல்லது நிற்க முடியாமல் தள்ளாடும், கை கால் மட்டும் நன்றாகவே அசையும். வீட்டில் இருப்பவர்கள் ‘கை கால் வருதே, பக்கவாதமா இருக்காது, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’ என்று படுக்க வைத்துவிடுவார்கள். மருந்து வேலை செய்யக்கூடிய நேரம் அந்தப் படுக்கையிலேயே போய்விடும்.

ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரைக், அதாவது அடித்தல் என்ற வினையின் உறவுச்சொல்தான் ஸ்ட்ரோக். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் பேச்சு நடுவிலேயே சாய்ந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று அடித்துவிட்டது என்றுதான் பழைய காலத்தவர் நினைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இதைக் கடவுளின் அடி என்ற பொருளில் சொல்லத் தொடங்கி, பிறகு வெறும் ‘அடி’ மட்டும் மிஞ்சியது. அதற்கும் முன்னால் கிரேக்க மருத்துவர்கள் சொன்ன அபொப்ளெக்ஸியா என்ற பெயருக்கும் அடித்து வீழ்த்துதல் என்றுதான் பொருள். இந்த அடி எங்கே விழுகிறது என்பது வெகு காலம் தெரியாது. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை 1658இல் எழுதினார். மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டாலும் இது வரலாம் என்ற யோசனையும் அவரிடம் இருந்தது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். பக்கம் என்பதில் குழப்பமில்லை, உடம்பின் இடது பாதி அல்லது வலது பாதி. வாதம் என்பது வடமொழி வாத, அதாவது காற்று. உடம்பில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் அளவோடு இருந்தால் நலம், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோய் என்பது சித்த, ஆயுர்வேத மருத்துவங்களின் அடிப்படை. 941ஆம் குறளில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வருவதும் இதுதான், வளி என்பது வாதத்துக்கான தமிழ்ச் சொல். அசைவு எல்லாம் காற்றின் வேலை என்று கருதியதால், அசைவு போகும் நோய்களை வாதக் கணக்கில் சேர்த்தார்கள். வழக்காடும்போது சொல்லும் வாதம் வேறு சொல், அது வடமொழியின் vāda என்ற சொல்லிலிருந்து வந்தது, காற்றைக் குறிப்பது vāta. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

பாரிசவாதம், பாரிசவாயு என்பதும் இதே கதைதான். பார்சுவ என்றால் விலாப்பக்கம், அது பாரிசம் ஆனது, வாயுவும் காற்றுதான். ஆயுர்வேதத்தில் உள்ள பக்ஷாகாதம் கொஞ்சம் வித்தியாசமானது. அதில் வரும் ஆகாதம் என்பதற்கு அடி என்று பொருள், ஆக கிரேக்கர்கள் கண்ட அதே அடி இங்கேயும் விழுந்திருக்கிறது. நாமும் ‘வாதம் அடிச்சிருச்சு’ என்றுதானே சொல்கிறோம்.

வாதம் என்று முடியும் சொற்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. முடக்குவாதம் மூட்டுகளை வீங்கவைக்கும் நோய், மூளைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இளம்பிள்ளைவாதம் போலியோ, அது வைரஸால் வருவது. முகவாதம் முகத்துக்குப் போகும் நரம்பு பழுதாவதால் வருவது, அதிலும் வாய் கோணும் என்பதால் ஸ்ட்ரோக்கோடு குழம்பும் (அந்த நரம்பு பழுதானால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நெற்றியைச் சுருக்க முடியாது, ஸ்ட்ரோக்கில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், ஆனால் இதை வீட்டில் வைத்து முடிவு செய்கிற வேலை வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்). இதில் உச்சம், ஹீட் ஸ்ட்ரோக்கை சிலர் வெப்பவாதம் என்று எழுதுவது. வெயிலில் உடல் சூடு எக்கச்சக்கமாக ஏறி மயங்கி விழுவதில் பக்கமும் இல்லை, வாதமும் இல்லை. ஸ்ட்ரோக் என்றால் வாதம் என்று மனப்பாடம் செய்ததால் வந்த வினை இது. வெப்பத்தாக்கு என்றால் போதும்.

அந்த வழியிலேயே வந்தால் ஸ்ட்ரோக்குக்கு மூளைத்தாக்கு என்பதுதான் என் தேர்வு. எங்கே நடக்கிறது என்பதும், திடீரென்று நடக்கிறது என்பதும் அதிலேயே இருக்கின்றன. மூளையடைப்பு என்றும் சிலர் சொல்கிறார்கள், மாரடைப்புக்கு ஜோடியாகக் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குழாய் வெடித்து ரத்தம் கசியும் வகை அதில் அடங்காது. மூளைச்சாவு முற்றிலும் வேறு, அதை இங்கே கொண்டுவரவே வேண்டாம். மாரடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர்கள் எழுந்து ஓடுகிறார்கள். பக்கவாதம் என்று கேட்டால் மாதக்கணக்கில் படுக்கை, பயிற்சி, கைத்தடி என்றுதான் மனம் போகிறது. ஓட வேண்டிய அவசரம் அந்தச் சொல்லில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே ஸ்ட்ரோக் ரொம்ப காலம் ரத்த ஓட்ட நோய்களோடு கிடந்து, 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் நரம்பு மண்டல நோய்களின் பக்கம் வந்தது. பெயரில் மூளை இருப்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

ஆனால் பேச்சு வழக்கை மட்டமாக நினைக்காதீர்கள். ‘வாய் கோணிக்கிச்சு’, ‘ஒரு கை விழுந்துருச்சு’, ‘பேச்சு குழறுது’ என்று சொல்வது எந்தக் கலைச்சொல்லையும்விட மருத்துவருக்கு உதவும், ஏனென்றால் கண்டதை அப்படியே சொல்கிறது. ‘இழுத்துக்கிச்சு’ மட்டும் கொஞ்சம் தொல்லை, வலிப்புக்கும் அதையே சொல்கிறோம். எது இழுத்தது, எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரோக்கின் அறிகுறிகளை நினைவில் வைக்க ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்று ஒரு சுருக்கம் உண்டு, 1990களின் இறுதியில் பிரிட்டனில் உருவானது. தமிழில் முகம், கை, பேச்சு, நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பலவீனமான கை பத்து நொடிக்குள் தானாகக் கீழே இறங்கும், உள்ளங்கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பும், அவருக்கே அது தெரியாது. ஒரு சிறு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு தடிப்பது மட்டும் அறிகுறி அல்ல, சம்பந்தமில்லாத சொல் வந்தாலும் நீங்கள் சொல்வது அவருக்குப் புரியாமல் போனாலும் அறிகுறிதான். திடீர்ப் பார்வைக் குறைவையும் தள்ளாட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலி இருக்காது, வலி இல்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள். இதில் ஒன்று இருந்தாலும் போதும், உடனே அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டும்.

நேரம் என்பதற்கு இங்கே துல்லியமான பொருள் ஒன்று இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் தெரிந்தது, 2008இல் அது நாலரை மணி நேரம் வரை நீண்டது. பெரிய குழாயில் உறைந்த ரத்தக் கட்டியைக் கம்பி விட்டு எடுக்கும் முறை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவலாம். ஆனால் பெரிய குழாய் அடைபடும் வழக்கமான ஒரு தாக்கில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள், அதனால் நேரம் இருக்கிறதே என்று உட்காரக் கூடாது. கடிகாரம் நீங்கள் பார்த்த நொடியிலிருந்து ஓடாது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும். காலை ஆறு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு பத்துக்குப் படுக்கப்போகும்போது நன்றாக இருந்தார் என்பதுதான் மருத்துவருக்குத் தேவையான செய்தி.

இன்னொன்று, ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரை கெடுதல். தண்ணீரும் வேண்டாம், விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம் ‘மினி ஸ்ட்ரோக்’. சில நிமிடம் கை மரத்து, பேச்சு தடுமாறி, பிறகு தானாகவே சரியாகிவிடும். இதைத் தற்காலிக மூளைத்தாக்கு என்று சொல்லலாம். மினி என்ற முன்னொட்டு அநியாயம், சின்ன விஷயம் என்று நினைக்க வைக்கிறது. பெரிய தாக்கு வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம் என்பதால், சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் இஸ்கீமிக் என்று இருந்தால் அடைப்பு வகை, ஹெமரேஜிக் என்றால் கசிவு வகை. முதலாவதுதான் அதிகம்.

தொலைபேசியில் உதவி கேட்கும்போது மட்டும் தூய தமிழ் பார்க்க வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் மூளைத்தாக்கு என்றால் ஒரு நொடி யோசிக்கக்கூடும். ‘ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு, வலது கை தூக்க முடியல, பத்தரை மணி வரைக்கும் நல்லா இருந்தார்’ என்று சொல்லிவிட்டு முகவரியைச் சொல்லுங்கள்.